பெட்டி ஒரிஜினலா பாஸ்?

பாட்டு கேட்க ஒரு செல்போன் போதும். அப்படியிருக்க, அட்டைப் பெட்டிக்குள்ள பதிமூணு சி.டி.யை அடுக்கி, மேலே 'லிமிடெட் எடிஷன்'னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினா, அதுக்காக ஒரு மாச பார்ட் டைம் சம்பளத்தைத் தூக்கிக் கொடுக்க ஆள் இருக்கா? இருக்காங்க! அந்த ஆட்களை மொத்தமா ஒரே ஊர்ல பார்க்கணும்னா டோக்கியோவுக்கு டிக்கெட் போடுங்க.

உலகம் முழுக்க சி.டி. கடைகளுக்கு ஷட்டர் விழுந்தப்பவும் அசராம நின்ன ஊர் இது. கடைக்கு வந்த முதல் சி.டி.யே ஜப்பான்லதான் வந்துச்சு. 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் சி.டி.பி.-101 பிளேயரும், பில்லி ஜோயலின் 'ஃபிஃப்டி செகண்ட் ஸ்ட்ரீட்' ஆல்பமும் இங்கே விற்பனைக்கு வந்தன. இன்னிக்கும் பழைய பாக்ஸ் செட் தேடி வெளிநாட்டில் இருந்தெல்லாம் இங்கே பறந்து வர்றாங்க.

பெட்டி கிடைச்சதும் கூடவே ஒரு வயித்துக் கலக்கலும் கிடைக்கும். 'இது அசலா, போலியா?'

கவலையை விடுங்க. ஒரே நாள்ல நாலு பேட்டை. ஊரையும் பார்த்த மாதிரி ஆச்சு, பெட்டியைச் சோதிக்கக் கத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு. கையில் ஒரு மடக்கு லென்ஸ், சின்ன டார்ச். மனசுல ஒரே ஒரு சூத்திரம்: போலி தயாரிக்கிறவன் எங்கே காசு செலவழிக்க யோசிப்பானோ, அங்கே பாருங்க. கிளம்பலாமா?

ஷிபுயா: முதல்ல அசலைத் தொடுங்க

ஷிபுயா ஸ்டேஷன்ல இறங்கி, சினிமாவில் எல்லாம் வருமே... எல்லாத் திசையிலும் ஒரே நேரத்துல ஜனங்க கடக்கிற அந்தப் பிரபல சந்திப்பு, அதைத் தாண்டினா கொஞ்ச நடையில் மஞ்சளும் சிவப்புமா ஒரு பெரிய கட்டடம். டவர் ரெக்கார்ட்ஸ். ஒன்பது மாடிக் கடை! இதே பேர்ல அமெரிக்காவில் இருந்த தாய்க் கம்பெனி 2006-ல் கடையைக் கட்டிருச்சு. ஜப்பான் டவர் ரெக்கார்ட்ஸ் அதுக்கு முன்னாடியே, 2002-ல் தனியா பிரிஞ்சு வந்ததால தப்பிச்சது.

பழைய செட் வாங்க வந்தவங்களைப் புதுக் கடைக்குக் கூட்டிட்டு வந்ததுக்குக் காரணம் இருக்கு. தினமும் நல்ல நோட்டை எண்ணுற பேங்க் கேஷியருக்குக் கள்ள நோட்டு விரல்லயே மாட்டும். நீங்களும் முதல்ல நல்ல நோட்டை எண்ணிப் பழகணும்.

இங்கே 'கமி-ஜாகெட்'னு கேளுங்க. பழைய எல்.பி. ரெக்கார்டு உறையை அப்படியே சி.டி. சைஸுக்குச் சுருக்கிச் செய்யற பேப்பர் உறை. ஜப்பான்காரங்க இதுல கில்லாடிகள். அட்டையின் கனம், மடிப்பு, முதுகுல இருக்கிற பொடி எழுத்து, உள்ளே தட்டு வைக்கிற சின்ன கவர்... எல்லாம் பழைய ரெக்கார்டு மாதிரியே இருக்கும். வெளியே ஒரு பேப்பர் பட்டை சுத்தியிருக்கும். அதுக்குப் பேர் 'ஓபி'. கிமோனோ மேல கட்டற இடுப்புப் பட்டைக்கும் இதே பேர்தான்! விலை, கேட்டலாக் நம்பர், வெளியான தேதி எல்லாம் அதுல இருக்கும்.

அஞ்சாறு உறையைக் கையில் வாங்கிப் பாருங்க. விளிம்பைத் தடவுங்க. பொடி எழுத்தைப் படியுங்க. அசல் எப்படி இருக்கும்னு விரலுக்குத் தெரிஞ்சுபோச்சா? சரி, பச்சை நிற யமனோத்தே ரயிலைப் பிடிங்க.

ஷின்ஜுகு கிழக்கு: லென்ஸை எடுங்க!

ஹரஜுகு, யோயோகி தாண்டினா ஷின்ஜுகு. உலகத்துலயே கூட்டம் அதிகமான ரயில் நிலையம்னு கின்னஸ்ல இடம் பிடிச்சது. இருநூறுக்கும் மேல வாசல். தப்பான வாசல்ல வெளியே வந்தா அவ்வளவுதான், கால் மணி நேரம் காலி. 'கிழக்கு'ன்னு போட்ட பலகையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க.

இந்தப் பக்கம்தான் டிஸ்க் யூனியன் கடைகள். பழைய ரெக்கார்டு, பழைய சி.டி. பிரியர்களுக்குக் கோயில் மாதிரி. ராக்குக்குத் தனி, ஜாஸுக்குத் தனி, மெட்டலுக்குத் தனின்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு பொருள் மேலயும் ஒரு சின்ன சீட்டு. விலை மட்டும் இல்லை... தட்டு எந்தத் தரம், உறை எந்தத் தரம், எங்கே கறை, எங்கே கிழிசல், ஓபி இருக்கா இல்லையா, எல்லாமே அதுல இருக்கும். 'ஓபி-சுகி'ன்னா பட்டை உண்டு. 'ஓபி-நாஷி'ன்னா இல்லை. கடைக்காரரே தன் பொருளோட குறையைத் தானே எழுதி ஒட்டுறார், கவனிச்சீங்களா?

இப்ப ஒரு நிஜப் பெட்டியை எடுத்துக்குவோம். 2009 செப்டம்பர் 9 அன்று வெளியான 'தி பீட்டில்ஸ் இன் மோனோ'. 11 ஆல்பம், 13 சி.டி. எல்லாமே ஜப்பானில் தயாரான கமி-ஜாகெட் உறைகள். அமெரிக்காவுக்கு 10,000 செட் மட்டும்தான்னு முதல்ல அறிவிச்சாங்க. ஜனங்க மொய்ச்சதும் இன்னும் அச்சடிச்சாங்க. ஆக, 'லிமிடெட்'ங்கற வார்த்தையே ரப்பர் மாதிரி இழுபடும்! கொஞ்ச நாள்லயே போலிகளும் கிளம்பி வந்துருச்சு.

போலியை எப்படிப் பிடிக்கிறது? முதல்ல அச்சு. போலி தயாரிக்கிறவன்கிட்ட அசல் டிசைன் ஃபைல் இருக்காது. கடையில் வாங்கின அட்டையை ஸ்கேன் பண்ணி, திரும்ப அச்சடிக்கிறான். அச்சடிச்ச படம் எல்லாமே பொடிப் பொடிப் புள்ளிகளால ஆனது. புள்ளியை ஸ்கேன் பண்ணி, அது மேல இன்னொரு புள்ளி விழுந்தா, கொசுவலையை ரெண்டா மடிச்சுப் பிடிச்ச மாதிரி அலை அலையா ஒரு கோலம் தெரியும். லென்ஸ் வெச்சா மாட்டிக்குவான். அட்டைப் படத்தைப் பார்க்காதீங்க, அதுல அவன் உசுரைக் கொடுத்து உழைச்சிருப்பான். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்க. அசல்ல எழுத்து கத்தி மாதிரி நிக்கும். போலியில் ஓரம் கலங்கி, கறுப்பு எழுத்துகூடப் பல கலர் புள்ளியா உடையும்.

அடுத்து, தட்டு. பாட்டு இருக்கிற பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ஃபேக்டரியில் அச்சடிச்ச சி.டி. வெள்ளி மாதிரி மின்னும். பச்சை, நீலம்னு சாயம் அடிச்சா அது கம்ப்யூட்டர்ல எழுதின தட்டு. நடு ஓட்டைக்குப் பக்கத்துல வளையமா சில எழுத்து, எண் இருக்கும். அதுல கேட்டலாக் நம்பர் இருந்தா பெட்டியோட ஒத்துப்போகணும். 'ஐ.எஃப்.பி.ஐ.'னு ஆரம்பிக்கிற குறியீட்டையும் தேடுங்க. எந்தத் தொழிற்சாலையில் பிறந்ததுன்னு சொல்ற முத்திரை அது. அது 1994-லதான் வந்துச்சு. அதனால '1986 முதல் பதிப்பு'ன்னு சொல்ற தட்டுல அது இருந்தா, சொல்றது பொய்.

ஆனா அவசரப்பட்டு 'போலி!'ன்னு கத்திடாதீங்க. பிற்பாடு அதே கம்பெனி அச்சடிச்ச மறுபதிப்பா இருக்கலாம். மறுபதிப்பு குற்றம் இல்லை. மறுபதிப்புக்கு முதல் பதிப்பு விலை கேட்கிறதுதான் குற்றம்.

ஓபியில் ஒரு சூப்பர் கணக்கு இருக்கு. பில்லி ஜோயலின் அந்த முதல் சி.டி.யோட நம்பர் 35டிபி-1. அதுல 35-ங்கறது விலை, 3,500 யென். அந்தக் கால சி.பி.எஸ். சோனி தட்டுகள்ல நம்பரும் ஓபி விலையும் இப்படிப் பேசிக்கும். இன்னொண்ணு, ஜப்பானில் விற்பனை வரி 1989 ஏப்ரல்லதான் வந்தது. முதல்ல 3 சதவீதம், 1997-ல் 5 சதவீதம். ஓபியில் '3,200 யென், வரி இல்லாம 3,107'னு இருந்தா 3 சதவீதக் காலம். '3,048'னு இருந்தா 5 சதவீதக் காலம். '1986 ஓபி'ன்னு காட்டுற பட்டையில் வரிக் கணக்கு இருந்தா? சிரிச்சுட்டு வெச்சுட்டு வாங்க. யாரோ ரெண்டு காலத்துச் சாமான்களை ஒரே பெட்டிக்குள்ள ஒட்டுப் போட்டிருக்காங்க.

எல்.பி. வாங்கறவங்களுக்கும் இதே கதைதான். பாட்டு முடிஞ்சு லேபிள் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற வெத்து இடத்துல டார்ச் அடிங்க. கையால கீறின எழுத்தும், குத்தின முத்திரையும் தெரியும். 1960-கள்லயும் 70-களின் முற்பாதியிலும் தோஷிபா கம்பெனி 'எவர்கிளீன்'னு தூசி ஒட்டாத சிவப்பு பிளாஸ்டிக்ல நிறைய ரெக்கார்டு போட்டுச்சு. வெளிச்சத்துல பிடிச்சா ரூஹ் அஃப்ஸா சர்பத் மாதிரி ஜொலிக்கும்.

'சீல் பிரிக்காத பீஸ்'னு ஒரு வலை இருக்கு, ஜாக்கிரதை! சீல் இருந்தா விலை எகிறும். ஆனா மேலே சொன்ன ஒரு சோதனையைக்கூட நீங்க செய்ய முடியாது. பிளாஸ்டிக் தாளைச் சூடு காட்டிச் சுருக்கி ஒட்டுற மெஷின் யார் வேணும்னாலும் வாங்கலாம். சீல் பெட்டிக்கு நீங்க கொடுக்கிற கூடுதல் காசு, பார்க்காம இருக்கிறதுக்குக் கொடுக்கிற காசு. முதல் பெட்டி வாங்கறீங்களா? பிரிச்ச பெட்டியே தேவலை.

கடையில் நீங்களா எதையும் பிரிக்காதீங்க. கவுன்ட்டருக்கு எடுத்துட்டுப் போய், 'மித்தே மோ ஈ தெஸ் கா?'ன்னு கேளுங்க. 'பார்க்கலாமா?'ன்னு அர்த்தம். அவரே பிரிச்சுக் காட்டுவார்.

ஷின்ஜுகு மேற்கு: பூட்லெக் பேட்டை

கிழக்குல இருந்து மேற்குக்குப் போக முன்னெல்லாம் ஸ்டேஷனைச் சுத்தணும். 2020-ல் நேரா நடக்கிற பாதை திறந்துட்டாங்க. ரயில் டிக்கெட் தேவையில்லை. மேற்கு வாசல் பக்கம் ஒமொய்தே யோகோச்சோங்கற குட்டிச் சந்துல கோழி வறுக்கிற புகை மூக்கைத் துளைக்கும். மனசைத் திடப்படுத்திக்கிட்டுத் தாண்டி நடங்க.

மேற்கு ஷின்ஜுகு ஏழாவது வட்டாரம். பழைய ஆபீஸ் கட்டடங்களோட மாடியில் சின்னச் சின்ன ரெக்கார்டு கடைகள். ஒரு காலத்துல பூட்லெக் சரக்குக்கு உலகப் புகழ் பெத்த இடம். இப்ப கடைகள் ரொம்பக் குறைஞ்சு போச்சு.

இங்கே மூணு வார்த்தையைப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும். 'பூட்லெக்'னா, கம்பெனி வெளியிடவே வெளியிடாத கச்சேரியையோ ஸ்டூடியோ ஒத்திகையையோ அனுமதி இல்லாம தட்டாப் போடுறது. 'பைரேட்'னா, வெளியான ஆல்பத்தை வேற அட்டையில் திருட்டுத்தனமா விக்கிறது. 'கவுன்ட்டர்ஃபீட்'னா, அட்டை, லோகோ, நம்பர் எல்லாத்தையும் காப்பி அடிச்சு 'நான்தான் அசல்'னு வேஷம் போடுறது. உங்க பர்ஸுக்கு எமன் மூணாவது ஆள்தான்.

பூட்லெக் பெட்டிகளும் பளபளன்னு இருக்கும். '300-ல் 47'னு நம்பர்கூடக் குத்தியிருக்கும். அந்த 300-ஐ யார் எண்ணினாங்க? பேரே வெளியே சொல்லாத கம்பெனி போட்ட கணக்குக்கு யார் ஜவாப்தாரி? இங்கே நிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைக்கும். பெட்டியில நம்பர் அடிக்க ஒரு சின்ன மெஷின் போதும். அதுக்கு மேல தயார் பண்ணலைன்னு சத்தியம் பண்ண ஒரு நாணயமான ஆள் வேணும்.

லெட் ஸெப்பெலின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் டோக்கியோ வந்தா இந்தக் கடைகளை எட்டிப் பார்ப்பார்ங்கறது ரசிகர்கள் வட்டாரத்துல பிரபலம். அதே ஜிம்மி பேஜ் 2007-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கோர்ட்ல பூட்லெக் வித்த ஒருத்தருக்கு எதிரா சாட்சிக் கூண்டுல ஏறினார். பாடினவனுக்கு ஒரு பைசா போகாத சரக்கு இது. வேடிக்கை பாருங்க, பர்ஸைத் திறக்காதீங்க.

ஓச்சானோமிசு: மாணவர் பேட்டையில் கடைசி பாடம்

ஷின்ஜுகுல ஆரஞ்சுக் கோடு போட்ட சூவோ எக்ஸ்பிரஸ்ல ஏறினா பத்துப் பன்னிரண்டு நிமிஷம். பிளாட்பாரத்துக்குக் கீழேயே கந்தா ஆறு ஓடும். வெளியே வந்தா மேஜி பல்கலைக்கழகம், சரிவான தெரு, ரெண்டு பக்கமும் கிதார் கடை, கிதார் கடை, மறுபடியும் கிதார் கடை! சரிவுல இறங்கினா ஜிம்போச்சோ. நூத்துக்கும் மேல பழைய புத்தகக் கடைகள். இந்தப் பக்கம் கறி ரைஸ் ஃபேமஸ். மதியச் சாப்பாட்டை இங்கே வெச்சுக்குங்க.

இங்கேயும் டிஸ்க் யூனியன் உண்டு. சாமான் வாங்கற கவுன்ட்டர் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நில்லுங்க. காலேஜ் பையன் ஒருத்தன் பையில் இருந்து சி.டி. கட்டை எடுத்து வைப்பான். கடைக்காரர் முதல்ல கேட்கிறது அடையாள அட்டை. ஜப்பானில் பழைய பொருள் வியாபாரத்துக்குன்னே 1949-ல் இருந்து ஒரு சட்டம் இருக்கு. லைசென்ஸ் வேணும். யார்கிட்ட வாங்கினோம்னு பதிவு இருக்கணும். பொதுவா 10,000 யென்னுக்குக் குறைஞ்ச பொருளுக்கு அடையாளம் பார்க்கத் தேவையில்லை. ஆனா புத்தகம், கேம், சி.டி.க்கு அந்தச் சலுகை கிடையாது! கடையில் சுட்டுட்டு வந்து விக்கிறவங்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

உங்களுக்கு இதுல என்ன லாபம்? பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்துட்டுப் போலியை விக்க எவனும் யோசிப்பான். குறையைச் சீட்டுல எழுதி ஒட்டின கடையும் தன் பேரை அடமானம் வெச்சிருக்கு. லென்ஸ், டார்ச் எல்லாத்தையும் விட இது பெரிய சோதனை. நாளைக்கு நீங்க திரும்பி வந்தா, பதில் சொல்ல ஒரு ஆள் அங்கே இருப்பாரா?

இப்ப கடைசி கேள்வி. பெட்டி நிஜமாவே அசல்தான். ஆனா பெட்டி சொல்றது நிஜமா?

அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி 1982-ல் பீட்டில்ஸ் ஆல்பங்களை ஒரே பெட்டியில் போட்டுச்சு. 25,000 செட், ஒவ்வொண்ணுக்கும் நம்பர். அச்சடிச்சது ஜப்பானின் ஜே.வி.சி. உறையில் பீட்டில்ஸ் முகம் இருக்காது, ஸ்டூடியோ மாஸ்டர் டேப் பெட்டியின் படம்தான் இருக்கும். 'மூல டேப்ல இருந்து நேரா உங்க காதுக்கு' அப்படிங்கறதுதான் அவங்க பெருமை.

நாற்பது வருஷம் கழிச்சு, 2022-ல் அதே கம்பெனி மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை நம்பர் போட்டு 40,000 காப்பி வெளியிடப் போறதா அறிவிச்சது. 'ஒன்-ஸ்டெப்'ங்கற முறை. இதுல நடுவுல வர்ற சில அச்சுப் படிகளைத் தாண்டிடறதால, டேப்ல இருந்து வெட்டற ஒவ்வொரு மூலத் தட்டுல இருந்தும் கொஞ்சம் காப்பிதான் எடுக்க முடியும். 40,000-க்கு எத்தனை தடவை அந்த விலைமதிப்பில்லாத டேப்பை ஓட்டணும்? யார் அனுமதிப்பாங்க? கணக்கு இடிச்சுது. ஃபீனிக்ஸ் நகர ரெக்கார்டு கடைக்காரர் ஒருத்தர் ஜூலையில் இந்தச் சந்தேகத்தைப் பகிரங்கமாப் போட்டு உடைச்சார். அப்புறம் கம்பெனியோட இன்ஜினீயர்களே ஒத்துக்கிட்டாங்க. டேப்பை முதல்ல டிஜிட்டலா மாத்தி, அதுல இருந்துதான் தட்டு வெட்டறோம், 2011-ல் இருந்தே நிறைய ஆல்பத்துக்கு இதுதான் வழின்னு. வழக்கு, சமரசம், பணத்தைத் திருப்பித் தர்றதுன்னு பெரிய பஞ்சாயத்தா முடிஞ்சது.

கவனிங்க, டிஜிட்டல்னால பாட்டு கெட்டுப்போகலை. வருஷக்கணக்கா காது தேர்ந்த ஆட்களே அந்தத் தட்டுகளைப் புகழ்ந்துக்கிட்டுதான் இருந்தாங்க. கோபம் சத்தத்து மேல இல்லை, மறைச்சது மேல. பெட்டியும் அசல், நம்பரும் அசல், அச்சும் அசல். சொல்லாம விட்ட ஒரு வரியால எல்லாம் ஆட்டம் கண்டுச்சு. நம்பரைப் பார்த்து மயங்கினவங்க காசு கொடுத்தாங்க. அதே நம்பரை வெச்சுக் கணக்குப் போட்டவர் உண்மையைக் கண்டுபிடிச்சார்.

பர்ஸைத் திறக்கும் முன்...

* உள்ளே என்னென்ன இருக்கணும்னு லிஸ்ட் எழுதிட்டுப் போங்க. தட்டு, புத்தகம், ஓபி, உள் கவர், சான்றிதழ். ஒண்ணு குறைஞ்சாலும் விலை குறையணும்.

* அட்டைப் படத்துக்குப் பத்து செகண்ட், பொடி எழுத்துக்குப் பத்து நிமிஷம்.

* எல்லாத் தட்டோட வளையத்தையும் பாருங்க. முதல் தட்டு மட்டும் அசலா இருந்து மத்தது மாத்தின சரக்கா இருக்கலாம்.

* 'சந்தை விலையில் பாதிதான் சார்'னு யாராவது சொன்னா, 'ஏன்?'னு கேளுங்க. பதில் வரலைன்னா நடையைக் கட்டுங்க.

* வாங்கின ரசீது, கடைச் சீட்டு ரெண்டையும் பெட்டிக்குள்ளயே வையுங்க. நாளைக்கு நீங்க விக்கிறப்ப அதுவும் ஒரு சாட்சி.

ரூமுக்கு வந்துட்டீங்களா? பீட்டில்ஸ் மோனோ பெட்டி வாங்கியிருந்தா ஒரு சோதனை பாக்கி. ஹெட்ஃபோனை மாட்டுங்க. மோனோன்னா ரெண்டு காதுலயும் ஒரே சத்தம், நடு மண்டையில் கேட்கும். ஒரு காதுல டிரம்ஸ், ஒரு காதுல பாட்டுன்னு பிரிஞ்சா கோளாறு. உடனே பதறாதீங்க! 'ஹெல்ப்', 'ரப்பர் சோல்' தட்டுகள்ல 1965-ஆம் வருஷத்து ஸ்டீரியோ பதிப்பும் கடைசியில் சேர்த்திருக்காங்க. அதைச் சேர்க்க மறந்த செட் கையில் இருந்தா... அப்ப பதறலாம். ரசீது பத்திரம்தானே?